தூரை எடுத்தியா, வேரை எடுத்தியா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் போனில், "இன்னைக்கு கிரைண்டர் வாடகைக்கு எடுத்திருக்கேம்மா" என்றேன். "வீட்ல என்னய்யா விசேஷம்? எத்தனை பேருக்கு இட்லி?" என்று கேட்டார்.

மாவரைக்கிற கிரைண்டர் இல்லை, மரக்கட்டை அரைக்கிற கிரைண்டர் என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. இங்கே பிரிஸ்பேனில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்ற பெரிய மரம் ஒன்று கோடையில் திடீரென்று இலை வாடிச் செத்துப்போனது. ஆள் வைத்து வெட்டியாயிற்று. ஆனால் வெட்டுகிறவர்கள் தரைக்கு மேலே இருப்பதை மட்டும்தான் வெட்டுவார்கள். அடிக்கட்டையை எடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்த தங்கமணி, "இதுக்கு நீங்களே பண்ணலாமே" என்றார். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆணி பிடுங்குகிறவன், வீட்டில் கட்டை பிடுங்கினால் என்ன தப்பு? :-)

அரை நாள் வாடகைக்கு மெஷினை இழுத்துக்கொண்டு வந்தேன். பெட்ரோல் எஞ்சின், முன்னால் ஒரு இரும்புச் சக்கரம், சக்கரத்தின் விளிம்பில் கார்பைடு பற்கள். ரம்பம் மாதிரி அறுக்காது. சுற்றுகிற சக்கரத்தைக் கட்டையின் ஓரத்தில் வைத்து இடமும் வலமுமாக மெதுவாக வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிராய் சிராயாகச் சீவித் தள்ளும். முதலில் கட்டையைச் சுற்றி மண்ணைக் கிளறிக் கல்லையெல்லாம் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல் தோட்டா மாதிரி பறக்கும், பல்லும் போகும். நிலத்தடியில் கேபிளோ கேஸ் குழாயோ போகிறதா என்று முன்கூட்டியே வரைபடம் கேட்டு வாங்கிப் பார்ப்பது கட்டாயம். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, காலுக்குக் கனமான பூட்ஸ். நான் முழுக்கைச் சட்டை போடவில்லை, அதனால் இரண்டு நாள் கை அரித்தது. இந்த மரத்தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

மூன்று மணி நேரத்தில் கட்டை காணாமல் போனது. ஒரு அடிப் பள்ளம், பக்கத்தில் மலை மாதிரி மரச்சிராய். எதையும் வீணாக்காத வம்சம் அல்லவா, அந்தச் சிராயையெல்லாம் அள்ளி நாலு மீட்டர் தள்ளி நிற்கும் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட்டுவிட்டு, வெற்றிவீரனாக அம்மாவுக்குச் சொன்னேன்.

"தூரை எடுத்தியா, வேரை எடுத்தியா?" என்றார் அம்மா.

"ஒரு அடி ஆழத்துக்கு அரைச்சாச்சும்மா. வேர் அதுவா மக்கிப் போயிடும்."

"மக்கிப் போயிடும்னு யாருய்யா சொன்னா? என்ன மரம் அது?"

சில்க்கி ஓக் என்று இங்கே சொல்வார்கள், நம்ம சில்வர் ஓக்தான் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அந்த மௌனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொசுவத்தி சுற்றித்தான் ஆக வேண்டும்.

அம்மா பிறந்து வளர்ந்தது பொன்முடியில், தேயிலை எஸ்டேட் லயத்தில். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக 22 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1100 மீட்டர் உயரத்தில் வருகிற மலை. இன்றைக்கு மூடுபனி பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஒரு சுற்றுலாத்தலம். எங்களுக்கு அது தாத்தா வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் போனவர்களால் நிறைந்த லயங்கள் அவை. 1956 நவம்பர் 1-இல் மாநிலம் பிரிந்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது, பொன்முடி கேரளாவில் நின்றது. லயத்துக்காரர்கள் நின்ற இடத்திலேயே வெளிமாநிலத்தார் ஆனார்கள்.

அந்த மலைக்கு ஏன் போனார்கள்? திருவிதாங்கூரில் 1855-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. திவான் மாதவ ராவ் காலம் (1858 முதல் 1872 வரை). நம்ம கும்பகோணத்துக்காரர். 1860-களில் மலைக்காடுகளைக் காப்பி போட விரும்பும் துரைமார்களுக்குத் திருவிதாங்கூர் அரசு விற்க ஆரம்பித்தது. வந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிகம் என்பதை எஸ்டேட் பெயர்களே சொல்லும். பொன்முடியில் இருக்கிற மெர்ச்சிஸ்டன், எடின்பரோவில் ஒரு பேட்டையின் பெயர். லாகரிதம் கண்டுபிடித்த ஜான் நேப்பியர் பிறந்த இடம். (பி.காம். படிக்கும்போது லாக் டேபிளோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்த எஸ்டேட் ஆகாததில் ஆச்சரியமில்லை.) அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கும் போணக்காட்டை ஏதோ ஒரு காட்டின் பெயர் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது 'போன் அக்கார்டு', அபர்தீன் நகரத்தின் முத்திரை வாக்கியம்.

காட்டை அழித்த விதம் கேட்டால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். சரிவின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் கோடாரியால் கொத்தி நிறுத்திக்கொண்டே போவார்கள். எதையும் சாய்க்க மாட்டார்கள். உச்சிக்குப் போனதும் அங்கிருக்கிற ஆகப்பெரிய மரத்தை முழுசாக வெட்டுவார்கள். அது விழும்போது கீழே நிற்பதைத் தள்ளும், அது அடுத்ததைத் தள்ளும், கொடிகள் பிணைந்து இழுக்க மலைச்சரிவு மொத்தமும் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே மூச்சில் சரிந்து இறங்கும். சில வாரம் காயவிட்டு, மழைக்கு முன்னால் தீ. சாம்பல் ஆறியதும் குழி வெட்டிக் காப்பி நாற்று. சிலோனிலும் குடகிலும் திருவிதாங்கூரிலும் ஏறக்குறைய இதே முறைதான்.

கட்டைகளை யாரும் தொடவில்லை. அகத்தியமலைக் காட்டில் நாங்கு மரமும் வெடிப்பலாவும் நிற்கும். நாங்கின் கட்டை இரும்பு மாதிரி, கோடாரி வாய் மடங்கும். அதைத் தோண்டி எடுக்கக் கூலி கொடுத்தால் காப்பியில் லாபம் எங்கே? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இடம் கிடைத்த இடத்தில் குழி வெட்டினால் போதும் என்று விட்டார்கள். மூன்றாம் வருஷம் காப்பி காய்த்துவிடும், கட்டை அதுபாட்டுக்கு மக்கட்டும் என்பது கணக்கு. வங்கியில் கடன் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இந்தக் கணக்கை எனக்கு நன்றாகவே தெரியும். செலவை அடுத்தவன் காலத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த வருஷத்து லாபத்தைக் காட்டுவது.

காப்பிக்கும் ஆயுள் கெட்டியில்லை. 1869-இல் சிலோனில் இலைத்துரு நோய் தெரியவந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் அங்கே காப்பி அநேகமாக ஒழிந்தது, தென்திருவிதாங்கூர் மலைகளையும் அது விடவில்லை. இடையில் சிங்கோனாவை முயன்று பார்த்துவிட்டு, எல்லாரும் தேயிலைக்கு மாறினார்கள். சிலோனில் செத்த காப்பிச் செடிகளின் தண்டுகளைப் பட்டை உரித்து, டீ மேஜைக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி!

தேயிலைக்கு வெயில் கொஞ்சம் மட்டுப்பட வேண்டும். நிழலுக்கு வைத்த மரம்தான் சில்வர் ஓக். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி, அதாவது இப்போது நான் உட்கார்ந்திருக்கிற குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்கு மூலையும் அதை ஒட்டிய நியூ சவுத் வேல்ஸும். சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், கிளை வெட்டினாலும் தாங்கும், மிளகுக்கொடி ஏற்றலாம். வால்பாறை, நீலகிரி, மூணாறு, நுவரெலியா என்று தேயிலை போன இடமெல்லாம் இதுவும் போனது. பொன்முடியில் தாத்தா வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது தெரிந்த வெள்ளி இலை மரத்தை எங்கள் மலையின் சொந்த மரம் என்றே நினைத்திருந்தேன். இங்கே வந்த முதல் வருஷம் நவம்பரில் தெருவெல்லாம் அது ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்க, ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம். பிறகுதான் தெரிந்தது, அது தன் வீட்டில் நிற்கிறது, வந்தேறி நான்தான் என்று.

இப்போது கட்டைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் தேயிலைத் தோட்டங்களில் ஒரு விசித்திரம் கவனத்துக்கு வந்தது. நன்றாக இருந்த செடிகள் வட்டமாகச் சாகும். முதலில் ஒன்று, பிறகு பக்கத்தில் நாலு, அப்புறம் பத்து. வட்டத்தின் நடுவில் போய்ப் பார்த்தால் பழைய மரக்கட்டை ஒன்று இருக்கும். 1905-இல் சிலோனுக்குப் பூஞ்சண நிபுணராக வந்த டாம் பெட்ச் என்கிற ஆங்கிலேயர் இதைத்தான் வருஷக்கணக்கில் துருவினார். 1923-இல் தேயிலைச் செடி நோய்கள் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். சிலோன் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரும் அவரே. விஷயம் இதுதான்: வெட்டிய மரத்தின் வேர் உடனே சாவதில்லை, அதில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பூஞ்சணம் அந்தக் கட்டையில் குடியேறி, உட்கார்ந்து தின்று, வேர் வழியாகவே நடந்து, தேயிலை வேரைத் தொடுகிற இடத்தில் அடுத்த வீட்டுக்குள் நுழைகிறது. காட்டு மரக்கட்டையிலிருந்து வந்தது போக, நிழலுக்கு வைத்து முற்றியதும் வெட்டிய சில்வர் ஓக் கட்டையிலிருந்தும் வந்தது. துரைமார் தள்ளிப்போட்ட கணக்குக்கு வட்டி ஏறியிருந்தது.

வைத்தியம்? மருந்து கிடையாது. தோண்ட வேண்டும். செத்த செடி, அதைச் சுற்றி நோய் தொட்டிருக்கக்கூடிய செடி, நடுவில் இருக்கிற கட்டை, எல்லாவற்றையும் வேரோடு எடுக்க வேண்டும். சுற்றிலும் பள்ளம் வெட்டி அந்த இடத்தைத் தனியாகத் துண்டிக்க வேண்டும். பென்சில் கனமுள்ள வேர்கூட மண்ணில் மிச்சம் இருக்கக்கூடாது. எடுத்ததை அங்கேயே எரிக்க வேண்டும். எழுத நாலு வரி, செய்ய நாலு மாசம்.

அதைச் செய்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். 1940-களிலிருந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கட்டை தோண்டும் ஆட்களில் இருந்தார். கடப்பாரை, பிக்காசு, மண்வெட்டி, கோடாரி. ஒரு பெரிய கட்டைக்கு நாலு ஆள், மூன்று நாள் என்று அம்மா சொல்வார். மலை மழையில் குழிக்குள் இறங்கி நிற்க வேண்டும், அட்டை கடிக்கும். தேயிலை பறிப்பவர்களைப் படம் எடுத்துக் காலண்டரில் போட்டார்கள். கட்டை தோண்டுகிறவனை யார் படம் எடுத்தார்கள்? அம்மாவும் சித்தியும் சின்னப் பிள்ளைகளாக வேரைக் கூடையில் பொறுக்கிப் போடப் போவார்களாம். நல்ல காய்ந்த விறகு, ஆனால் லயத்துக்கு ஒரு துண்டு கொண்டுவரக்கூடாது. கங்காணி கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பாராம். அடுப்பெரிக்க விறகில்லாத வீட்டில் பிறந்த பிள்ளைகள் விறகு எரிவதை வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

பிறகு ஒரு நல்ல யோசனை வந்தது. ஆப்பிரிக்காவில் நியாசாலாந்து (இன்றைய மலாவி) தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த லீச் என்ற விஞ்ஞானி 1937-இல் எழுதினார்: மரத்தை வெட்டுவதற்கு முன்பே அடியில் வளையமாகப் பட்டையை உரித்து விட்டுவிடுங்கள். இலையில் தயாராகும் சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழியை அடைத்தால், மரம் உயிரோடு நிற்கும்போதே வேர் தன் கையிருப்பு மாவுச்சத்தைச் செலவழித்துத் தீர்த்துவிடும். காலியான வேரில் நோய்ப் பூஞ்சணத்துக்குத் தின்ன ஒன்றுமில்லை, சாதுவான வேறு பூஞ்சணங்கள் வந்து மக்கச் செய்துவிடும். தென்னிந்தியத் தோட்டங்களிலும் நிழல் மரத்தை வெட்டுமுன் வளையம் எடுப்பது வழக்கமாயிற்று. தாத்தா அதற்கு வைத்திருந்த பெயர் 'பட்டினி போடுறது'. எந்த விஞ்ஞானியும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வளையம் எடுப்பது ஆஸ்திரேலியாவிலும் நடந்தது, ஆனால் காரணம் வேறு. இங்கே குடியேறியவர்கள் மேய்ச்சலுக்குப் புல் வளர வேண்டும் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை யூகலிப்டஸ் மரங்களுக்கு வளையம் எடுத்து, நின்றபடியே சாகவிட்டார்கள். உழ வேண்டிய நிலத்தில் கட்டை பெரிய தலைவலி. தெற்கு ஆஸ்திரேலியாவின் மல்லி யூகலிப்டஸை வெட்டினாலும் எரித்தாலும் தரைக்கடியில் இருக்கும் கிழங்கு மாதிரியான கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம்ம சீமைக்கருவேலம் மாதிரி என்று வையுங்கள். கட்டையைத் தோண்டி மாளாது என்று கண்ட ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் என்பவர் யார்க் தீபகற்பத்தில் 1876-இல் ஒரு கலப்பை செய்தார். கட்டை தட்டுப்பட்டால் அதன் கொழு கீல் வைத்ததுபோல் மேலே எழும்பித் தாண்டும், தாண்டியதும் தன் கனத்தால் மறுபடி மண்ணுக்குள் இறங்கும். கட்டையை எடுக்காமலே விவசாயம்! அமெரிக்காவில் பொறுமை இன்னும் கம்மி. அங்கே கட்டைக்கு டைனமைட் வைத்தார்கள், முதல் உலகப்போரில் மிஞ்சிய வெடிமருந்தை 1920-களில் அரசாங்கமே விவசாயிகளுக்கு மலிவாகக் கொடுத்தது.

நான் வாடகைக்கு எடுத்த மெஷினின் மூதாதையும் அமெரிக்கன்தான். 1950-களில் அயோவா மாநிலத்தின் பெல்லா என்ற சின்ன ஊரில் வெர்மியர் கம்பெனி கட்டை சீவும் மெஷினைக் கொண்டுவந்தது. 'டச்சு எல்ம் நோய்' அமெரிக்கத் தெருக்களில் எல்ம் மரங்களை வரிசை வரிசையாகக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. இதுவும் ஒரு பூஞ்சணத்தின் வேலை. வீட்டு வாசல்தோறும் கட்டை, தெருவில் டைனமைட் வைக்க முடியாது. ஆக, மெஷின் வந்ததே தரைக்கு மேல் அசிங்கமாகத் தெரிவதை மறைக்கத்தான். புல் போட்டுவிட்டால் அங்கே மரம் இருந்ததே தெரியாது. தரைக்குக் கீழே இருப்பதை எடுப்பதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அம்மா அன்று போனில் கடைசியாகக் கேட்டது: "செத்த மரத்து வேரைப் பாத்தியா? மண்ணு அப்பிக்கிட்டு இருந்துச்சா? தட்டினா விழுந்துச்சா?"

நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையோடு போய் அந்தப் பள்ளத்தின் ஓரத்தைத் தோண்டினேன். கட்டைவிரல் கனத்தில் ஒரு வேர். மண்ணும் சிறு கல்லும் அதன்மேல் பூசினாற்போல் ஒட்டியிருந்தது. தட்டினேன், விழவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், போகவில்லை. கத்தியால் சுரண்டினால் பழுப்புத் தோல் மாதிரி வந்தது. உள்ளே மரத்தில் தேன்கூடு போலப் பழுப்புக் கோடுகள்.

பழுப்பு வேர் நோய். சிலோன் தேயிலையிலும் ரப்பரிலும் பெட்ச் காலத்திலேயே தெரிந்த நோய். 1932-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் இருந்த கார்னர் அந்தப் பூஞ்சணத்துக்கு முறையாகப் பெயர் வைத்தார். அது ஆஸ்திரேலியக் கிழக்குக்கரை மழைக்காடுகளிலும் உண்டு, பிரிஸ்பேனில் தெருவோர மரங்களையும் தோட்ட மரங்களையும் கொல்கிறது. மண்ணுக்குள் விட்ட வேரில் பத்து வருஷம்கூட உயிரோடு கிடக்கும். பரிசோதனைக்கு அனுப்பிய துண்டுக்குப் பதில் வர இரண்டு வாரம் ஆனது, வந்த பதில் அம்மா சொன்னதுதான். 'தேயிலைத் தோட்டத்தில் படிக்காமல் போய்விட்டேனே' என்று அம்மா அடிக்கடி குறைப்படுவார். இனி அந்தக் குறையை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

அந்தச் சிராயை நான் எங்கே போட்டிருந்தேன் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? கறிவேப்பிலையைச் சுற்றி. பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கையால் பொறுக்கி, மேல்மண்ணோடு சேர்த்துப் பைகளில் கட்டினேன். பதினாறு பை. இங்கே வீட்டில் எரிக்க அனுமதி இல்லை, அதனால் கட்டிய பையோடு குப்பைக்கிடங்குக்குத்தான் போயின, பச்சைக்கழிவில் போடவில்லை. பிறகு மூன்று வாரக்கடைசிகள் தோண்டினேன். கடப்பாரை இங்கே பெரிய வன்பொருள் கடையில் கிடைக்கிறது, நம்ம ஊர்க் கடப்பாரை கனம் வராது. வேர் போன வழியே போக வேண்டும். ஒன்று வேலிப் பக்கம் போனது, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். இன்னொன்று நேராகக் கறிவேப்பிலையைப் பார்த்துப் போனது. மரத்துக்கு முக்கால் மீட்டர் இருக்கும்போது பென்சிலைவிட மெலிந்து முடிந்தது. அதற்கப்புறம் சுத்தமான மண். நடுவில் முழங்கால் ஆழத்துக்கு மேல் பள்ளம் வெட்டி, கனத்த பிளாஸ்டிக் தடுப்பை இறக்கி மூடியிருக்கிறேன்.

வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம் தோண்டு" என்றார். தோண்டினேன். ஒரு துண்டு இருந்தது.

பொன்முடியில் தாத்தா தோண்டிய சரிவுகளில் பாதிக்கு மேல் இப்போது காடாகிக்கொண்டிருக்கிறது. போணக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது. கவாத்து இல்லாத தேயிலைச் செடி மரமாக வளர்ந்து நிற்கிறது. கடைசியாகப் போனபோது அம்மாவால் தாங்கள் இருந்த லயத்தை அடையாளம் காட்ட முடியவில்லை. தாத்தா எடுத்த ஒரு கட்டைக் குழியை மட்டும் காட்டினார், மண் இறங்கிச் சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி பேரப்பிள்ளைகளைப் பற்றி இல்லை. கறிவேப்பிலை கொழுந்து விட்டிருக்கிறதா என்றுதான். போன வாரம் வரைக்கும் விட்டிருக்கிறது.